முதலில் கையெழுத்து, கோபம் பிறகு

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை. கணவர் கட்டாரில். பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடவும் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் ஒரு வாகனம் தேவைப்பட்டது. நகைகளை விற்று, மைத்துனருக்குத் தெரிந்த ஒருவரிடம் 2014 வேகன் ஆர் ஒன்றை 54 இலட்சத்துக்குப் பேசினேன். 35 இலட்சம் வங்கி மூலமும் 6 இலட்சம் காசாகவும் கொடுத்தேன். மீதி, வாகனத்தின் மேல் இருந்த லீசிங் கடன். மாதம் 62,000 ரூபாவைத் தன் கணக்கில் போடும்படியும், தான் லீசிங் கம்பெனிக்குக் கட்டிவிடுவதாகவும் சொன்னார். ஐந்து மாதம் போட்டேன். அவர் ஒரு சதமும் கட்டவில்லை. வாகனத்தைப் பறிக்கக் கம்பெனி அனுப்பும் சீசிங் ஆட்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாகனத்தை வத்தளையில் அக்கா வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். மீட்டரையும் பின்னுக்குச் சுற்றியிருக்கிறார், ஏ.சி. இரண்டாம் மாதமே போய்விட்டது. கேட்டால் குடும்பத்தை இழுத்துப் பேசுகிறார். கனடா போகப்போகிறாராம். அவரை உள்ளே தள்ள முடியாதா? கட்டுநாயக்க விமான நிலையத்தில் மறிக்க முடியாதா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் ஒன்பது பக்கத்தையும் வாசித்தேன். எனக்குத் தேவைப்பட்டது கடைசியில் நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்த ஒற்றைக் கடதாசிதான். முத்திரை ஒட்டி, மைத்துனர் சாட்சிக் கையெழுத்து வைத்த உடன்படிக்கை. அதன் நாலாவது வரி: "லீசிங் மீதியை வாங்குபவர் மாதாமாதம் விற்பவரின் கணக்கில் செலுத்துவார்." உங்கள் விவகாரம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

லீசிங் இருப்பது தெரிந்துதான் வாங்கினீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. லீசிங் முடியும்வரை வாகனம் கம்பெனியின் சொத்து. வாகனப் பதிவுச் சான்றிதழான சீ.ஆரில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் அவர்கள் பெயர்தான் இருக்கும், ஒரிஜினலும் அவர்களிடம்தான் இருக்கும். உங்கள் கையில் இருப்பது போட்டோ கொப்பி. விற்றவருக்கு ஓடித்திரியும் உரிமை மட்டுமே இருந்தது. தன்னிடம் இல்லாத உரித்தை அவர் உங்களுக்குத் தர முடியாது. ஆகவே கம்பெனியிடம் போய் "நான் அப்பாவி" என்று வாதாடிப் பயனில்லை.

மோசடி வழக்கும் அந்த வரியிலேயே தடுக்கி விழும். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவின்படி மோசடி என்றால், ஏமாற்றி, அந்த ஏமாற்றத்தால் உங்களைக் கொடுக்க வைத்திருக்க வேண்டும். "நான் எதையும் மறைக்கவில்லையே, அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்று அவருடைய சட்டத்தரணி எழுந்து சொல்வார். கம்பெனிக்குக் கட்டவென்று வாங்கிய 3 இலட்சத்துப் பத்தாயிரத்தை அவர் விழுங்கியது நம்பிக்கை மோசடி என்று வாதிடலாம், மறுக்கவில்லை. ஆனால் பொலிஸில் முதல் நாள் உங்கள் காதில் விழப்போவது, "இது சிவில் பிரச்சினை, புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்பதுதான். விமான நிலையத்தில் மறிப்பதும் நீங்கள் கேட்டவுடன் நடக்கிற காரியமல்ல.

மீட்டர், ஏ.சி., அவர் பேசிய பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். வாங்கும்போது ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிப்போய்ப் பார்த்துத்தானே வாங்கினீர்கள். பஞ்சிகாவத்தையில் கம்பிரசர் வாங்கிய பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

இனிக் கணக்கு. கம்பெனியில் விசாரித்தபோது முழுவதையும் முடிக்க 14 இலட்சத்து எண்பதாயிரம் என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கொடுத்த 41 இலட்சம், அதோடு தவணைக்குப் போட்ட 3.1, அதோடு இந்த 14.8. மொத்தம் 58.9 இலட்சம். பேசிய விலையைவிட 4.9 இலட்சம் கூட. கட்டாவிட்டால் வாகனத்தைக் கொண்டுபோய் விற்பார்கள், நீங்கள் கொடுத்த 44.1 இலட்சத்துக்காக கனடாவில் இருக்கும் ஒருவர்மீது மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் தவணை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 4.9 இலட்சம் நட்டம் என்று தெரிந்தே கட்டி முடியுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கேட்க எரிச்சலாக இருக்கும், தெரியும். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வேகன் ஆருக்கும் ஆல்ட்டோவுக்கும் ஏறிய விலையில், இப்படி 'லீசிங்கை நீங்களே கட்டிக்கொண்டு போங்கள்' என்று கைமாறிய வாகனங்களின் கடதாசிகள் என் மேசைக்கு வந்தபடியே இருக்கின்றன.

கட்டுவதென்று முடிவெடுத்ததும் நாளைக்கே பணத்தோடு ஓடாதீர்கள். என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது.

கம்பெனிக்கு உங்களைத் தெரியாது. அவர்களுடைய வாடிக்கையாளர் அவர்தான். நீங்கள் முழுப் பணத்தையும் கட்டினாலும், ஒரிஜினல் சீ.ஆரையும் வாகனத்தில் இனித் தங்களுக்கு உரிமையில்லை என்ற உரிமை நீக்கக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுப்பார்கள். ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் தன் பணத்தில் லீசிங்கை முடித்துக் கொடுத்தார். விற்றவர் அன்று பின்னேரமே சீ.ஆரை வாங்கிக்கொண்டு போய், அதை வைத்து வேறோர் இடத்தில் கடன் எடுத்துவிட்டார். கட்சிக்காரரிடம் இருந்தது திறப்பும் வாகனமும் மட்டும். இன்னொருவருக்கு நடந்தது வேறு: விற்றவர் அதே கம்பெனியில் தம்பியின் முச்சக்கரவண்டிக் கடனுக்குப் பிணை நின்றிருந்தார். வாகனக் கணக்கு முடிந்தும், அந்தப் பிணையைக் காட்டி சீ.ஆரைத் தர மறுத்துவிட்டார்கள்.

அதனால் அவர், நீங்கள், கம்பெனி அதிகாரி மூன்று பேரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். மீதித் தொகை எவ்வளவு, எந்தத் திகதிவரை செல்லும், வேறு கடனோ பிணையோ இதோடு கட்டப்பட்டிருக்கிறதா, பணம் வந்தால் சீ.ஆரை விடுவிப்பார்களா என்று கம்பெனியின் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். ஆவணங்களை உங்களிடமே ஒப்படைக்கும்படி அவர் அங்கேயே அதிகாரக் கடிதம் கொடுக்கட்டும். பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 இரண்டு படிவத்திலும் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி 'ஓப்பன் பேப்பராக' அலுமாரியில் வைக்காதீர்கள். இதெல்லாம் முடிந்தபின் பணம், அதுவும் லீசிங் கணக்கு இலக்கத்துக்கு நேராக, வாகன இலக்கம் போட்ட பற்றுச்சீட்டோடு. சீ.ஆர். கைக்கு வந்ததும் தாமதிக்காமல் பெயர் மாற்ற நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள்.

இப்போது புரியும், ஏன் பொலிஸ் வேண்டாம் என்கிறேன் என்று. அவருடைய கையெழுத்து உங்களுக்கு வேண்டும். முறைப்பாடு போன மறுநாளே அவர் ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பார், அந்தச் சட்டத்தரணி சொல்லும் முதல் வார்த்தை "எதிலும் கையெழுத்துப் போடாதே" என்பதாக இருக்கும். நானாக இருந்தாலும் அதையே சொல்வேன். கனடா கதை உண்மையென்றால் உங்களுக்கு இருப்பது சில வாரங்கள்தான். அவர் வரவே மறுத்தால், அப்போது முறைப்பாட்டை எழுதுவோம்.

அதே மேசையில் இன்னொரு கடதாசியும் வேண்டும். உங்கள் உடன்படிக்கையில் 35 இலட்சம் மட்டுமே இருக்கிறது. சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொடுத்த 6 இலட்சத்துக்கு ஒரு எழுத்தும் இல்லை. மொத்தம் 41 பெற்றேன், தவணைக்காக 3.1 பெற்றேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். நட்டமான 4.9க்கு காசோலை தருகிறேன் என்றால் வாங்குங்கள். பணமில்லாமல் திரும்பினால் அதைக் குற்றமாகப் பார்க்கும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவு இருக்கிறது. தர மாட்டேன் என்றால் அதில் பிடிவாதம் பிடித்து மற்றக் கையெழுத்துகளைக் கோட்டை விடாதீர்கள். எழுத்து உடன்படிக்கைக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது, வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம்தான்.

வத்தளை விஷயம்: இன்றைக்கே வாகனத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கம்பெனியின் சொத்து என்று தெரிந்தபின் ஒளித்து வைத்தால், முறைப்பாடு உங்கள் பக்கம் திரும்பும், அக்காவும் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்க வேண்டி வரும். வாகனம் எங்கே நிற்கிறது, மீதியைக் கட்டத் தயார் என்று கம்பெனிக்கு ஒரு பதிவுத் தபால் போடுங்கள். கொண்டுவந்து நிறுத்தியபின் வாகனத்தை ஓட்டாதீர்கள். காப்புறுதி இன்னும் அவருடைய பெயரில். பிள்ளைகளோடு போகும்போது ஏதாவது ஒன்று நடந்தால், காப்புறுதிக் கம்பெனி கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில் போங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், குரல் பதிவுகளையும்தான். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்கீழ் அவையும் சான்றுதான்.

லீசிங் கம்பெனிக்குப் போகும்போது மைத்துனரைக் கூட்டிப்போங்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. பேச்சை அவர் பேசட்டும். நீங்கள் கடதாசியை மட்டும் பாருங்கள்.