டிபிஎஃப் விளக்கு எரிந்தால் டீசலைக் குறை சொல்லலாமா?

கேள்வி: என்னிடம் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசல் கார் இருக்கிறது. தினமும் அலுவலகத்துக்கு 4 கி.மீ. ஓட்டம்தான். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. பங்க் டீசல் சரியில்லை என்கிறார் நண்பர். ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 4 கி.மீ.யைத்தான். டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில் உள்ள பீங்கான் வடிகட்டி. சேரும் கரியை அதுவே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். 4 கி.மீ.யில் இன்ஜினே முழுதாகச் சூடேறாது. கரி எரியத் தொடங்கினாலும் பாதியில் இன்ஜினை அணைத்துவிடுகிறீர்கள். பல கார்களில் எரியாத அந்த டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் இறங்கும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்: ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

விளக்கு எரிந்ததும் டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல், இன்ஜின் 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) அளவில் சுற்றும்படி கியரை வைத்து, 15-20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கார் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, இழுவை குறைந்தாலோ இந்த முயற்சி வேண்டாம். சர்வீஸ் சென்டரில் காரைக் கணினியுடன் இணைத்துத்தான் கரியை எரிக்க வேண்டும்.

டீசலுக்கும் பங்கு உண்டு. பிஎஸ்-3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம், பிஎஸ்-4இல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் 10. கந்தகம் கூடினால் வடிகட்டிக்கு முன்னுள்ள பிளாட்டினப் பூச்சு மந்தமாகும், சல்பேட் துகளும் சேரும். எரிபொருள் சுத்தமானதால்தான் இந்த வடிகட்டியையே பொருத்த முடிந்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலப்படம் செய்தால் அது இந்தக் கணக்கையெல்லாம் கெடுத்துவிடும், இன்ஜெக்டரையும் தேய்க்கும். சந்தேகம் வந்தால் பங்கிலேயே அடர்த்திச் சோதனை கேளுங்கள். பங்கில் எழுதிவைத்த அன்றைய அடர்த்திப் பதிவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

பலர் கவனிக்காதது ஆயில். ஆயிலின் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். கையேட்டில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 (சாம்பல் குறைந்த ஆயிலுக்கான ஐரோப்பியத் தரம்) என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். விலை குறைவு என்று வேறொன்றை வாங்காதீர்கள்.

கழற்றுவது வேண்டவே வேண்டாம். டீசல் காருக்குத் துகள் வரம்பு பிஎஸ்-4இல் கி.மீ.க்கு 25 மில்லிகிராம், பிஎஸ்-6இல் 4.5. அந்தக் குறைப்பு பெரும்பாலும் இந்த வடிகட்டியின் வேலை. புகைச் சோதனை கருமையை மட்டும் அளப்பதால், கழற்றிய காரும் சான்றிதழ் வாங்கிவிடலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி அப்படி ஓட்டுவது குற்றம்.

வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். அதற்கும் வழியில்லை என்றால், இந்த ஓட்டத்துக்கு டீசல் கார் பொருந்தாது. அடுத்தது பெட்ரோலாக இருக்கட்டும்.