மொட்டை மாடி வெந்நீர்: சோலார் ஹீட்டர் கேள்வி-பதில்

கேள்வி: மதுரை அண்ணா நகரில் போர் தண்ணீர்தான், வாளியெல்லாம் வெள்ளை பூத்துவிடுகிறது. நான்கு பேர் இருக்கிறோம். டியூப் மாடலா, தட்டை பேனலா?

பதில்: வாளியே பூக்கிறது என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், கம்பெனியெல்லாம் அப்புறம். சூடு ஏற ஏற, தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து உட்சுவரில் படியும். தட்டை பேனலுக்குள் இருப்பவை ஒல்லியான செப்புக் குழாய்கள், அவை கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு, நல்ல வெயிலிலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாத நிலைக்கு வந்துவிடும். கண்ணாடி டியூப் 47 அல்லது 58 மி.மீ. விட்டம், உப்பு தங்கினாலும் கழற்றிக் கழுவிவிடலாம். அதனால் உங்களுக்கு டியூப்தான். தட்டை பேனலே வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (பேனலுக்குள் தனித் திரவம் சுற்றி, சூட்டை மட்டும் டாங்க் தண்ணீருக்குக் கடத்தும் அமைப்பு) வைத்ததாக வாங்குங்கள், விலை கூடும், ஆனால் போர் தண்ணீர் பேனலுக்குள் போகாது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 60 டிகிரிக்கு ஏறிய 100 லிட்டரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால், குளிக்கும் சூட்டில் ஏறக்குறைய 250 லிட்டர் வரும். நான்கு பேருக்கு இது போதும், சமையலறைக்கும் லைன் இழுப்பதாக இருந்தால் மட்டும் 150 பாருங்கள்.

கேள்வி: திருப்பாலை. குழாயைத் திறந்தால் அரை வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடு வருகிறது, ஹீட்டரில் கோளாறா?

பதில்: ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, குழாய்தான் நீளம். முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் நிற்கும், 20 மீட்டர் சுற்றி வந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றுங்கள். அந்த முதல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், விளாவுவதற்கு அதுவே ஆகும். புதிதாகப் போடுபவர்கள் குளியலறைக்கு நேர் மேலேயே டாங்கை வைத்து, லைனை சிபிவிசியில் இழுக்கச் சொல்லுங்கள், சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும்.

கேள்வி: மேலூர். வீடு கிழக்குப் பார்த்தது, பேனல் எந்தப் பக்கம்?

பதில்: வாசல் எங்கே பார்த்தாலும் பேனல் தெற்குதான். ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும், ஆனால் அப்போது யாருக்கு வெந்நீர் வேண்டும்? மார்கழி, தையில் அது தெற்கே தாழ்ந்திருக்கும், அந்த வெயிலைப் பிடிக்க 20-25 டிகிரி சாய்வு சரி. தெற்குப் பக்கம் தென்னையோ வேம்போ இருந்தால் அதன் நிழல் மார்கழியில் எங்கே விழும் என்பதையும் யோசித்து இடம் பாருங்கள்.

கேள்வி: அழகர்கோவில் பக்கம் குரங்குத் தொல்லை. டியூப் தாங்குமா?

பதில்: தாங்காது. மேலே கம்பி வலை அடியுங்கள், சூடு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தண்ணீர் நல்லதாக இருந்தால் கெட்டிக் கண்ணாடி போட்ட தட்டை பேனலே மேல்.

கேள்வி: சித்திரையில் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். டாங்கைக் காலி செய்துவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டியூப்பைத் தார்ப்பாயால் மூடிவிட்டுப் போங்கள். காலி டியூப் வெயிலில் கொதித்துக் கிடக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும், எப்போது நிரப்பினாலும் விடியற்காலையில்தான் நிரப்ப வேண்டும். காற்றுக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள், ஆவி வெளியே போக அது ஒன்றுதான் வழி.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன செய்வது?

பதில்: உள்ளே கரண்ட் காயில் வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் ஆகும், அதனால் இரவெல்லாம் போட்டு வைக்காமல், மூடாக்கான நாளில் மட்டும், குளிப்பதற்கு முன்னால் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.