ரோட்டாகேப் இன்ஹேலரில் (கேப்சூலில் உள்ள பொடியை வாயால் இழுக்கும் ஆஸ்துமா மருந்து) பால் கலந்திருக்குமா? பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பாலாகக் கலப்பதில்லை, ஆனால் லாக்டோஸ் இருக்கும். அது பாலிலிருந்து எடுக்கும் சர்க்கரை. சுத்திகரித்த பிறகும் பால் புரதம் துளியூண்டு ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. கடுமையான பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்தத் துளியே ஆபத்தாகலாம்.

நான் மருந்தாளுநர். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துள்ள ஒரு ரோட்டாகேப்பைப் பிரித்துக் கொட்டினால் கொஞ்சம் வெள்ளைப் பொடி வரும். அதில் மருந்து வெறும் 200 மைக்ரோகிராம், மீதியெல்லாம் லாக்டோஸ். அவ்வளவு நுண்ணிய மருந்து தனியாக இருந்தால் கட்டிக்கொள்ளும், கேப்சூலை விட்டே வராது. அதனால்தான் பெரிய லாக்டோஸ் துகள்மேல் அதை ஏற்றி அனுப்புகிறார்கள். இழுத்ததும் நாக்கில் லேசாக இனிக்கிறதே, அது இந்த லாக்டோஸ்தான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்பவர்கள் பயப்பட வேண்டாம். அது சர்க்கரை செரிக்காத பிரச்சினை, இந்த அளவு ஒன்றும் செய்யாது. பால் பட்டால் உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சு இழுப்பு வருவதுதான் புரத அலர்ஜி. அவர்களிலும் எல்லோருக்கும் இன்ஹேலர் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஆனால் அலர்ஜி வந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். மருந்து இழுத்த சில நிமிடங்களில் இழுப்பு கூடினால், ஆஸ்துமா முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு கேப்சூல் போடுவார்கள். எனக்கு இதில்தான் பெரிய கவலை.

இன்னொன்று. அலர்ஜி முற்றும்போது போடும் மெத்தில்பிரெட்னிசலோன் ஊசியிலும் சில வகைகளில் லாக்டோஸ் உண்டு. பால் புரத அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்த வகைகளைப் போடக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் அறிவித்தது. அவசரப் பிரிவில் நுழைந்ததுமே "பால் அலர்ஜி" என்று சொல்லிவிடுங்கள்.

 

நீங்களாக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள், ஆஸ்துமாவைக் கவனிக்காமல் விடுவது அதைவிட ஆபத்து. டாக்டரிடம் பால் அலர்ஜியைச் சொல்லி, அதே மருந்தை ஸ்ப்ரே பம்பாக, ஸ்பேசரோடு (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் குழல்) எழுதித் தரச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் பம்பில் லாக்டோஸ் தேவைப்படாது. அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் "எக்ஸிபியன்ட்ஸ்" (மருந்தோடு சேர்க்கும் மற்ற பொருட்கள்) என்று ஒற்றை வார்த்தைதான் இருக்கும், அதை நம்பி வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் தாளைப் பிரித்து "லாக்டோஸ் மோனோஹைட்ரேட்" இருக்கிறதா என்று கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.