குன்னூர்க் குளிரில் உறையும் தேங்காய் எண்ணெய்
குன்னூருக்குக் குடிவந்ததிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைகிறது, தினச் சமையலுக்கு நெய்க்கே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் கெடவில்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். மலையில் பெரும்பாலான நாள் இதே கதைதான். வாய் அகன்ற எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஊட்டியில் நான் கரண்டியால் சுரண்டித்தான் போடுகிறேன், சூடான வாணலியில் விழுந்ததுமே உருகிவிடும்.

தாளிப்பு, பொரியலுக்கு அதுவே போதும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகையும், நெய் 250 வரை தாங்கும். அதனால் அடுப்பைக் கூட்டி வைத்து வறுக்க நெய் நல்லது. எல்லாவற்றுக்கும் நெய் என்றால் பர்ஸ் தாங்காது! கொழுப்புக்குப் பயந்து மாறுவதிலும் பயனில்லை. நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலுமே அதிகம்தான், நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80க்கும் மேல். எதுவானாலும் அளவாக ஊற்றுங்கள். அப்புறம், ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடாதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும்.