மூன்று சகோதரர்களும் ஒரு கப்பலும்: மாமியாரின் பூர்வீகம் தேடும் வாசகிக்கு

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கணவர் அமெரிக்கர். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் பேக்கர். 1635இல் இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதியிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறி வந்த மூன்று சகோதரர்களில் ஒருவருடைய வாரிசுகள் தாங்கள் என்று அந்த வீட்டில் பேச்சு. அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்குள் இதை உறுதி செய்து கொடுக்க ஆசை. இணையத்தில் அகப்பட்ட ஒரு ஏஜென்ட், 2,400 டாலர் கொடுத்தால் கப்பலின் பெயர், இங்கிலாந்தில் சொந்த ஊர், குலச்சின்னம் பொறித்துச் சுவரில் மாட்டும் சட்டம் மூன்றையும் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

கப்பலின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஏமாற்று பெரும்பாலும் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கும் பயணிகளின் பட்டியலை ஒழுங்காக வாங்கி வைக்கும் வழக்கம் 1819இல் போட்ட சட்டத்தின் பிறகு, 1820இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பக்கம் எழுதப்பட்ட அனுமதிப் பதிவுகளில் எஞ்சியவைதான் உண்டு. 1635ஆம் ஆண்டின் லண்டன் துறைமுகப் பதிவேடு பிழைத்திருப்பது நம் அதிர்ஷ்டம். அதில் அமெரிக்கக் குடியேற்றங்களை நோக்கிப் போனவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களில் நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதிக்கு, போனவர்கள் கால்வாசி அளவுதான். மற்றவர்கள் வர்ஜீனியா, பார்படோஸ் என்று போனார்கள். பெரும்பாலும் பெயரும் வயதும் இருக்கும், ஊர் இருக்காது. "ஜான் பேக்கர், வயது 27" என்று ஒரு வரி கிடைத்தால், அது உங்கள் ஜான் பேக்கர் என்று சொல்வதற்கு அந்த வரியில் எதுவுமே இல்லை. இதை அச்சிட்ட பழைய பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக் குடும்ப மரத்தின் உச்சியில் ஒட்டுவதுதான் இந்த ஏஜென்டுகள் செய்யும் வேலை. பெயர்ப் பொருத்தம் ஒன்றை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை நிச்சயம் செய்வதைப் போன்றது இது.

1630இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ராப் தலைமையில் வந்த 11 கப்பல்களுக்கே முழுமையான பயணிகள் பட்டியல் கிடையாது. இன்று காணும் பட்டியல்கள் பிற்கால ஆய்வாளர்கள் ஊகித்துத் தொகுத்தவை. அரசுக்கு விசுவாசப் பிரமாணம், ஊர்ப் பாதிரியாரின் சான்று என்று கெடுபிடி இருந்ததால் பதிவில் சிக்காமல் நழுவிய பியூரிட்டன்களும் (இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குகளை ஏற்காத கிறிஸ்தவர்கள்) உண்டு. ஆகவே கப்பலின் பெயர் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். அது கிடைத்துத்தான் பூர்வீகம் நிரூபணமாக வேண்டும் என்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை மாமியாரிடமிருந்து பின்னோக்கிப் போவது. 1635இலிருந்து முன்னோக்கி வருபவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பேக்கரிடம் போய்ச் சேர்வார்கள். அது யாருடைய பேக்கர் என்பதுதான் தெரியாது. மாமியாரின் பிறப்புச் சான்று, அவருடைய அப்பா, தாத்தாவின் இறப்புச் சான்றுகள், பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் "இன்னாரின் மகன் இன்னார்" என்று சொல்லும் காகிதம் வேண்டும். 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் வீட்டிலிருந்த, அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் முதன்முதலாக வருகிறது. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை.

பலரும் அட்லாண்டிக் கடல்தான் பெரிய தடை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பல குடும்பங்கள் அறுந்து போகும் இடம் 1790க்கும் 1850க்கும் நடுவே, மாசசூசெட்ஸை விட்டு நியூயார்க்கின் மேற்குப் பகுதிக்கும் ஓஹையோவுக்கும் நிலம் தேடிப் போன காலம். மாசசூசெட்ஸ் ஊர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதி வைத்தன. 1850 வரையான அந்தப் பதிவுகள் பல ஊர்களுக்கு ஊர்வாரியாக அச்சாகியிருக்கின்றன. நியூயார்க் மாநிலம் 1880 வரை இதையெல்லாம் உருப்படியாகச் செய்யவே இல்லை. அங்கே கிரயப் பத்திரங்கள், உயில்கள், சொத்துப் பங்கீட்டுக் காகிதங்கள்தான் கைகொடுக்கும். இங்கிலாந்தை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்ட மூதாதை இருந்தால், 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓய்வூதியம் கேட்டுக் கொடுத்த வாக்குமூலத்தைத் தேடுங்கள். எங்கே பிறந்தேன், போருக்குப் பிறகு எந்தெந்த ஊரில் இருந்தேன் என்று கிழவர் தன் வாயாலேயே சொல்லியிருப்பார். இந்த ஒரு காகிதம் மூன்று தலைமுறைச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். ஏஜென்டுகள் தொடாத பகுதியும் இதுதான், ஏனென்றால் இதில் உழைப்பு உண்டு, பளபளப்பு இல்லை.

இப்படி 1630களில் ஒரு பேக்கரிடம் வந்து நின்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்துக்குத் தாண்டுமுன் ஒரு சோதனை. 1620 முதல் 1635 வரை நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் தலைமையில் பெரும் குடியேற்ற ஆய்வுத் திட்டம் தனித்தனிக் குறிப்பு எழுதியிருக்கிறது. பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று மரபியல் கழகத்தின் வேலை அது. பெரிய அமெரிக்க நூலகங்களின் வம்சாவளிப் பிரிவில் பார்க்கலாம். குறிப்பின் தொடக்கத்திலேயே "பூர்வீகம்" என்று ஒரு வரி இருக்கும். அங்கே ஊர் போட்டிருந்தால் எந்த ஆதாரத்தில் என்பதும் இருக்கும். உங்கள் செலவு நூலகத்துக்குப் போய்வரும் பெட்ரோல் காசு. "தெரியவில்லை" என்று இருந்தால், எந்தப் புதிய ஆவணத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று அந்த 2,400 டாலர்காரரிடம் கேளுங்கள். பதில் வராது. 1635க்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் இவ்வளவு விரிவான குறிப்பு இல்லை, 1640 வரை வந்தவர்களுக்கு ஒரு அடைவு உண்டு. வர்ஜீனியா வழி என்றால் கதையே வேறு, இங்கே அது தேவையில்லை.

இங்கிலாந்துப் பக்கம். தேவாலயப் பதிவேடுகள் 1538இல் எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணையால் தொடங்கின. 1598இல் அவற்றைத் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னபோது, குறிப்பாக முதலாம் எலிசபெத் ராணி அரியணை ஏறிய 1558 முதல் எழுதினால் போதும் என்று சலுகை காட்டினார்கள். சோம்பேறிகள் அங்கிருந்தே தொடங்கினார்கள். அதனால்தான் பல ஊர்களின் பதிவேடு 1558இல் பிறக்கிறது. அவற்றில் இருப்பது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல.

தேதி என்றதும் ஒரு பள்ளம். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜூன் 1630இல் கல்யாணம், பிப்ரவரி 1630இல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று படித்ததும் பதறாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1631. எட்டு மாதம் கழித்துத்தான். இதைக் கவனிக்காமல் தேதி பொருந்தவில்லை என்று சரியான ஆளைத் தள்ளிவிட்டுத் தவறான ஆளைப் பிடித்தவர்கள் ஏராளம். 1630/31 என்று இரட்டையாக எழுதிக்கொள்ளுங்கள்.

நார்ஃபக்கில் ஒரு ஜான் பேக்கர் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறான், வயதும் ஒத்துவருகிறது. போதுமா? போதாது. அவன் அதே ஊரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறானா என்று முதலில் பாருங்கள். இரண்டு வயதில் செத்துப்போன குழந்தைகளை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்த குடும்ப மரங்கள் இணையத்தில் நிறைய. 1635க்குப் பிறகும் அவனுக்கு அங்கே பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தால் அவன் உங்கள் ஆள் அல்ல. மனைவி பெயர், மூத்த பிள்ளைகளின் பெயர், தொழில் ஆகியவை இரு கரையிலும் பொருந்துகின்றனவா, அதே ஊரார் வேறு யாரும் அதே மாசசூசெட்ஸ் ஊரில் குடியேறினார்களா என்று பாருங்கள். இவர்கள் தனியாகக் கிளம்பவில்லை. நார்விச் ஆயர் மாத்யூ ரென்னின் சடங்குக் கெடுபிடி தாங்காமல் ஹிங்கம் ஊர்ப் பாதிரியார் ராபர்ட் பெக் 1638இல் கிளம்பியபோது, அவ்வூர்க்காரர்கள் பலர் ஏற்கெனவே போய் அங்கேயும் ஹிங்கம் என்றே ஊருக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

இவை எல்லாம் துணைச் சான்றுகள். நாம் தேடும் தங்கம், கடலின் இரு கரையையும் ஒரே தாளில் பேசும் ஆவணம். "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன் ஜானுக்கு இருபது ஷில்லிங்" என்று இங்கிலாந்தில் ஒரு தகப்பனோ அத்தையோ எழுதிய உயில் அப்படிப்பட்டது. 1858 ஜனவரி வரை உயில்கள் தேவாலய நீதிமன்றங்களின் கையில் இருந்தன. வசதியானவர்களின் உயில் கேன்டர்பரி உயர்மன்றத்தில். இப்போது லண்டன் அருகே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்தில் பெயர் தேடலாம். ஏழை விவசாயியின் உயில் நார்விச்சின் கீழ்மன்றங்களில் ஏதோ ஒன்றில். அதற்கு நார்ஃபக் ஆவணக் காப்பகம். நாடு முழுக்க இப்படி இருநூறுக்கு மேல் நீதிமன்றங்கள், எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று. அது பழங்காலத்து முட்டாள்தனம் என்றால், அந்த ஏடுகளின் படங்களை இன்று மாவட்டத்துக்கொரு நிறுவனத்துக்குக் கொடுத்து, மாவட்டத்துக்கொரு சந்தா கட்டச் சொல்வது நம் காலத்து முட்டாள்தனம். சந்தா கட்டுமுன் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கிப் பாருங்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. அவர்களுடைய கிளை மையத்துக்குப் போனால் திறக்கும்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று தோன்றலாம். ஜார்ஜ் வாஷிங்டனின் பூர்வீகத்தை 1790களில் எழுதியவர் இங்கிலாந்தின் தலைமைக் குலச்சின்ன அதிகாரி ஐசக் ஹெர்ட். வர்ஜீனியாவுக்கு வந்த ஜானும் லாரன்ஸும் இன்ன வீட்டுப் பிள்ளைகள் என்று பெயரை வைத்துச் சேர்த்தார். அவர் சொன்ன ஜான் வீரப் பட்டம் பெற்றுச் சர் ஜான் ஆன வேறொருவர் என்று 1866இல் வம்சாவளி ஆய்வாளர் ஜோசப் செஸ்டர் காட்டினார். சரியான தந்தையை, எசெக்ஸின் பர்லி ஊரிலிருந்து விரட்டப்பட்ட பாதிரியார் லாரன்ஸை, ட்ரிங் ஊரைச் சுற்றிய உயில்களையும் சொத்து நிர்வாகப் பதிவுகளையும் கொண்டு 1889இல் இன்னொரு ஆய்வாளர் ஹென்றி வாட்டர்ஸ் கண்டுபிடித்தார். முதல் ஜனாதிபதிக்கே இந்தக் கதி.

மூன்று சகோதரர்கள் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒரே குடும்பப் பெயருள்ள, தொடர்பு தெரியாத மூன்று கிளைகள் இருந்தால், அவற்றை இணைக்க வீட்டுப் பெரியவர்கள் கட்டும் கதை பெரும்பாலும் இதுதான். நம்ப வேண்டாம் என்பதே பொது விதி. ஆனால் விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவும் உங்கள் நார்ஃபக்கிலேயே. ஆபிரகாம் லிங்கனின் நேர் மூதாதை சாமுவேல் லிங்கன், இங்கிலாந்து ஹிங்கமில் 1622 ஆகஸ்ட் 24 அன்று ஞானஸ்நானம் பெற்றவர். தாமஸ், டேனியல் என்ற சகோதரர்களும் மாசசூசெட்ஸ் வந்தார்கள், ஆக மூவர். 1637 ஏப்ரலில் கிரேட் யார்மத் துறைமுகத்தில், நார்விச் நெசவாளர் பிரான்சிஸ் லாஸின் வேலைக்காரனாகச் சாமுவேல் பதிவாகிறார். அந்தப் பதிவில் அவர் பெயர் "லிங்கார்ன்". வயது 18 என்று இருக்கிறது. உண்மையில் பதினைந்துகூட நிறையவில்லை. பெயர் எழுத்தும் வயதும் மாறிக் கிடந்தும் ஆளை உறுதி செய்ய முடிந்தது எப்படி? யாரிடம் வேலை பார்த்தான், எந்த ஊரில் போய்க் குடியேறினான், அங்கே யார் பக்கத்தில் நிலம் வாங்கினான் என்பவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதால். இன்னும் கேளுங்கள்: அவர்கள் குடியேறிய மாசசூசெட்ஸ் ஹிங்கம் என்ற சின்ன ஊரில் அப்போது நான்கு தாமஸ் லிங்கன்கள் இருந்தார்கள். நெசவாளர் தாமஸ், ஆலைக்காரர் தாமஸ், பீப்பாய் செய்பவர் தாமஸ், விவசாயி தாமஸ் என்று தொழிலை ஒட்டியே ஊர்ப் பதிவுகள் பிரித்துச் சொல்கின்றன. லிங்கனிலேயே நான்கு தாமஸ் என்றால் பேக்கரில் எத்தனை ஜான் இருப்பார்கள் என்று யோசியுங்கள். எங்கே பெயர் கண்டாலும் பக்கத்தில் தொழிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குலச்சின்னம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் அது ஒரு தனி மனிதருக்குத் தரப்பட்டு, அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்கு ஆண் வழியில் போவது. குடும்பப் பெயருக்கு உரியதல்ல. "பேக்கர் குலச்சின்னம்" என்று ஒன்று கிடையவே கிடையாது. சட்டம் அழகாக இருந்தால் சுவரில் மாட்டலாம், அவ்வளவே. இதே ஆட்கள் சில மாதம் கழித்து, இங்கிலாந்தில் உங்கள் மூதாதையின் சொத்து வாரிசின்றிக் கிடக்கிறது, மனுச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள் என்று எழுதக்கூடும். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடலோடி சர் பிரான்சிஸ் டிரேக்கின் சொத்து என்று சொல்லி ஆஸ்கர் ஹார்ட்செல் பல்லாயிரம் அமெரிக்கர்களிடம் கறந்து, 1933இல் தண்டனை பெற்ற பழைய தந்திரம் அது. வாரிசில்லாச் சொத்தைக் கேட்க இங்கிலாந்தில் 12 ஆண்டு, சலுகை காட்டினாலும் 30 ஆண்டு. 17ஆம் நூற்றாண்டுச் சொத்து எதுவும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அச்சிட்ட பழைய குடும்ப வரலாறு மாமியாரிடம் இருந்தால் தொகுத்தவர் பெயரைப் பாருங்கள். குஸ்தாவ் ஆன்ஜூ என்றிருந்தால் இங்கிலாந்துப் பகுதியை மூடி வையுங்கள். ஸ்வீடனிலிருந்து வந்த இவர் பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளி போலியாகத் தயாரித்து விற்றவர். பக்கத்துக்குப் பக்கம் உண்மையான ஆவணங்கள், அவற்றுக்கு நடுவே, கொக்கி மாட்ட வேண்டிய சரியான இடத்தில், எங்கே இருக்கிறது என்று சொல்லாத ஓர் ஆவணம். இன்றைய ஏஜென்டின் அறிக்கையையும் இப்படியே படியுங்கள்: எந்தக் காப்பகம், என்ன எண், எந்தப் பக்கம் என்று இல்லாத வரி எங்கே வருகிறதோ, அங்கேதான் கடலைத் தாண்டியிருப்பார்.

கடைசியாக, எச்சிலை வைத்துச் செய்யும் மரபணுச் சோதனை. வழக்கமான இனக்கலப்புச் சோதனை பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய ஒரே ஒரு மூதாதையைப் பற்றி நம்பகமாக எதுவும் சொல்லாது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமின் சோதனை உதவும். அதில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களைக் குறியீடுகள் என்பார்கள்; 37 குறியீடுகள் பார்ப்பது தொடக்கத்துக்குப் போதும், 111 இருந்தால் நல்லது. ஆனால் மாமியாரோ உங்கள் கணவரோ கொடுத்துப் பயனில்லை. பேக்கர் பெயரை இன்னும் தாங்கும் அவருடைய சகோதரர், அவர் இல்லாவிட்டால் சகோதரரின் மகன் கொடுக்க வேண்டும். முடிவை வேறு பேக்கர்களோடு ஒப்பிட்டால் எந்தக் கிளை உங்களுடையது அல்ல என்பது தெரியவரும். ஊர்ப் பெயரை அது சொல்லாது.