கலைந்துபோன கவுண்டி கவுன்சிலின் காகிதங்களை எங்கே தேடுவது?

கேள்வி: வேலைக்காக ஸ்காட்லாந்து வந்து, எவன்டன் கிராமத்தில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். வக்கீல் கொடுத்த பத்திரங்களில், 1936-ல் ராஸ் அண்ட் குரோமார்ட்டி கவுண்டி கவுன்சில் (அந்தக் காலத்து மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றம்) இந்த மனையை வாங்கியதாகவும், 1980-களில் ராஸ் அண்ட் குரோமார்ட்டி டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் இங்கே குடியிருந்தவருக்கே வீட்டை விற்றதாகவும் இருக்கிறது. இரண்டு கவுன்சிலும் இப்போது இல்லையாம். வீட்டைக் கட்டியது யார், முதலில் குடிவந்தது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். உங்களுக்கு வாய்த்தது கவுன்சில் வீடு, அதாவது உள்ளாட்சி மன்றம் கட்டி வாடகைக்கு விட்ட வீடு என்பதே பாதி அதிர்ஷ்டம். தனியார் கட்டிய வீட்டுக்கு இவ்வளவு காகிதம் மிஞ்சாது.

முதலில் அந்த இரண்டு பெயர்களையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். தேடுபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஸ்காட்லாந்தின் கவுண்டி கவுன்சில்கள் 1889-ம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தவை. முதல் தேர்தல் 1890-ல் நடந்தது. ராஸ், குரோமார்ட்டி இரண்டும் அதுவரை தனித்தனிக் கவுண்டிகள். குரோமார்ட்டி துண்டு துண்டாக ராஸுக்குள் சிதறிக் கிடந்ததால், அதே சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. அந்தக் கவுன்சில் 1975 மே மாதம் வரை இருந்தது. பிறகு அதன் வேலைகளைப் பங்கு பிரித்தார்கள். பள்ளிக்கூடமும் சாலையும் ஹைலண்ட் ரீஜனல் கவுன்சிலுக்குப் போயின. வீடுகள் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு வந்தன. 1996 ஏப்ரலில் அந்த இரண்டையும் கலைத்து, எல்லாவற்றையும் இன்றைய ஹைலண்ட் கவுன்சிலிடம் கொடுத்தார்கள்.

டிஸ்ட்ரிக்ட் பழைய பெயரை வைத்துக்கொண்டதே தவிர, பழைய எல்லையை வைத்துக்கொள்ளவில்லை. லூயிஸ் தீவு மேற்குத் தீவுகளுக்கான கவுன்சிலுக்குப் போனது. கைல் ஆஃப் லொகால்ஷ் பக்கம் ஸ்கை தீவோடு சேர்ந்தது. உங்கள் எவன்டன் அப்படியே நின்றதால், கவுண்டி, டிஸ்ட்ரிக்ட், ஹைலண்ட் என்று சங்கிலி அறுபடாமல் வருகிறது. எவன்டன் பர்க் (தனக்கென டவுன் கவுன்சில் கொண்ட ஊர்) ஆகாத கிராமம் என்பதும் நல்லதாயிற்று. டிங்வால், டெய்ன், இன்வர்கார்டன் போன்ற பர்க்குகளில் கவுன்சில் வீடுகளைக் கட்டியது அந்தந்த ஊரின் டவுன் கவுன்சில். அங்கே வீடு வாங்கியிருந்தால் தேட வேண்டிய கட்டே வேறு.

சரி, தேடலை வேல்யுவேஷன் ரோலில் தொடங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் யார், வாடகைக்கு இருப்பவர் யார், குடியிருப்பவர் யார், ஆண்டு மதிப்பு எவ்வளவு என்று 1855 முதல் 1989 வரை ஆண்டுதோறும் எழுதிவந்த வரிப் பதிவேடு அது. 1920, 1925, 1930, 1935, 1940 ஆண்டுகளின் பதிவேடுகள் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் இணையதளத்தில் இருக்கின்றன. தேடுவதற்குக் காசில்லை, பக்கத்தைத் திறந்து படிக்கத்தான் கட்டணம். உங்கள் மனை 1936-ல் வாங்கியது என்பதால் 1935-ல் அந்த வீடு இருக்காது. 1940-க்குள் கட்டி முடித்திருந்தால் அந்த ஆண்டுப் பதிவில் இருக்கும். உரிமையாளர் கட்டத்தில் கவுண்டி கவுன்சில். அடுத்த கட்டத்தில் ஒரு பெயர், பக்கத்தில் பெரும்பாலும் அவர் பார்த்த வேலை. குடியிருப்பவர் என்ற கட்டத்தில் பெயரை மறுபடி எழுதாமல், நம் பத்திரங்களில் 'மேற்படியார்' என்று போடுவதுபோல, 'வாடகைதாரரே' என்று ஒரே சொல் இருக்கும். அந்த ஒற்றை வரிதான் பெரும்பாலும் உங்கள் வீட்டின் முதல் குடும்பம். ஆனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் கிடைக்கும். மனைவி மக்கள் பெயர் வராது.

பெயர் கிடைத்ததும் இன்வர்னஸ் போங்கள். எவன்டனிலிருந்து காரில் அரை மணி நேரம். அங்குள்ள ஹைலண்ட் ஆவணக் காப்பகத்தில்தான் பழைய கவுண்டி கவுன்சிலின் பதிவுகள் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதி, வீட்டுவசதிக் குழுவின் 1936 முதல் 1940 வரையான கூட்டக் குறிப்புகள் வேண்டும் என்று கேளுங்கள். 'என் வீட்டைப் பற்றி என்ன இருக்கிறது' என்று மொத்தமாகக் கேட்டால் அவர்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

கட்டியது யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் கொத்தனார், தச்சர், பிளம்பர், பூச்சு வேலைக்காரர், கூரைக்குக் கற்பலகை வேய்பவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி டெண்டர் விடுவதுதான் வழக்கம். யாருடைய டெண்டரை எவ்வளவுக்கு ஏற்றார்கள் என்பதைக் குழுக் குறிப்பில் தேடுங்கள். சுற்றுவட்டாரக் கைவேலைக்காரர்கள் நாலைந்து பேரின் பெயர் வரிசையாகக் கண்ணில் படும்போது வரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

1936-க்கு முந்தைய மனையின் கதைக்கு சசீன் பதிவேட்டைக் கேளுங்கள். 1617 முதல் நடந்துவரும் பத்திரப் பதிவு அது. ஒரு மனைக்கான தேடல் தாளை வாங்கினால் கிட்டத்தட்ட நம் வில்லங்கச் சான்று மாதிரியே இருக்கும். இன்றைய நிலப் பதிவேட்டிலும் உங்கள் வீட்டின் பதிவு எண்ணுக்கு முன்னால் ஆர்.ஓ.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும், பாருங்கள். ராஸ் அண்ட் குரோமார்ட்டியின் சுருக்கம். கவுன்சில் போய் இத்தனை வருடமாகியும் பதிவுத்துறை பழைய கவுண்டியை விடவில்லை.

முதல் குடும்பத்துப் பிள்ளைகளையும் தேட ஆசை வந்தால் பள்ளிப் பதிவேடுகள் உண்டு. ஆனால் நூறு ஆண்டு ஆகாத சேர்க்கைப் பதிவேடுகளைப் பொதுவாக நேரில் பார்க்க விடமாட்டார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கு திறந்துவிட்டது; உங்கள் வீடு அதில் இருக்காது, அந்தக் குடும்பம் முன்பு எங்கே இருந்தது என்று பார்க்கலாம். இங்கிலாந்தின் 1931 கணக்கு தீயில் போனது. ஸ்காட்லாந்துடையது பத்திரமாக இருக்கிறது. நூறாண்டு முடிந்து 2032-ல்தான் திறக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஊருக்கு மேலே ஃபைரிஷ் மலையில் வளைவுகளோடு ஒரு கல் மண்டபம் தெரியும். 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி, இந்தப் பக்கத்து நோவர் எஸ்டேட்டின் ஜமீன்தார் ஹெக்டர் மன்றோ கட்டியது. நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயல் என்பார்கள். கவுண்டி கவுன்சில் காகிதங்களில் அதன் கட்டுமானக் கணக்கைத் தேடவேண்டாம், கவுன்சில் பிறக்க அப்போது இன்னும் நூறு வருடம் இருந்தது. ஒரு வெயில் நாளில் நடந்து ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.