கான்ஸ்டலேஷனுக்கு 1017 வந்த கதை

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சிக் கதையின் முதல் தொடரில் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் எண் 1701. அதே கிளாஸின், அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல் வரிசையின், முதல் கப்பலான கான்ஸ்டிடியூஷனுக்கு 1700. ஆனால் கான்ஸ்டலேஷன் என்ற கப்பலுக்கு 1017. அப்படியானால் அது பழைய கிளாஸ் ஒன்றில் கட்டப்பட்டு, பிறகு மாற்றியமைத்த கப்பல் என்கிறேன். தோட்டத்துக் கூட்டாளி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். எண்ணே சாட்சி இல்லையா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தம்பி. உங்கள் கூட்டாளி பக்கம்தான் நியாயம்.

1967-இல் ‘தி டூம்ஸ்டே மெஷின்’ என்ற பாகத்துக்கு, அடிபட்டுச் சிதைந்த இன்னொரு கப்பல் தேவைப்பட்டது; அதுதான் கான்ஸ்டலேஷன். பெரிய மாதிரிக் கப்பல் ஒன்றைப் புதிதாகச் செய்யவில்லை. பிள்ளைகள் கடையில் வாங்கி ஒட்டிச் சேர்க்கும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிளாஸ்டிக் எண்டர்பிரைஸை எடுத்துச் சிதைத்தார்கள். பெட்டியோடு வந்த 1701-இன் இலக்கங்களையே இடம் மாற்றி ஒட்டினார்கள். ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஏழு. நீங்கள் கூண்டில் ஏற்றும் சாட்சி பிறந்தது அப்படித்தான். “உருவமும் வேறாகத் தெரிகிறதே” என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தெரியத்தான் செய்யும். எண்டர்பிரைஸுக்காகச் செய்த 11 அடி மாதிரியோடு அந்தச் சின்ன பிளாஸ்டிக் கப்பலின் அளவுகள் பொருந்தவில்லை.

1701-க்கும் ஒரு பின்னணி உண்டு. கப்பலை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் ஒரு விமானி. தூரத்தில் ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று மயங்க வைக்கும் 3, 6, 8, 9 ஆகியவற்றை அவர் முதலிலேயே ஒதுக்கிவிட்டார். திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதே அவர் கவலை. அந்தத் தொடரில் எண்டர்பிரைஸின் கட்டுப்பாட்டுத் தளத்தில் இருந்த பெயர்ப் பலகையைப் பாருங்கள்: ‘ஸ்டார்ஷிப் கிளாஸ்’ என்றுதான் இருக்கும். நீங்கள் அடிப்படையாக வைத்த கான்ஸ்டிடியூஷன் என்ற கிளாஸ் பெயர் அதில் இல்லை.

நிஜக் கப்பல்களிலாவது எண் வரிசை சாட்சி சொல்கிறதா? லுமுட் கடற்படைத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள், உங்கள் ஊருக்கு அது தூரமில்லை. நம் மலேசியக் கடற்படையின் லெக்கியூ கிளாஸில் இரண்டு கப்பல்கள். கிளாஸுக்குப் பெயர் கொடுத்த கே.டி. (அரச கப்பல்) லெக்கியூவின் எண் 30, கே.டி. ஜெபாட்டின் எண்ணோ 29. எண்ணை மட்டும் பார்த்தால் அதை ஜெபாட் கிளாஸ் என்றுதானே சாதித்திருப்பீர்கள்?

ஊகத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இல்லாத கப்பலுக்குப் பிறப்பு வளர்ப்பு தேடும் மூளை எனக்குப் பிடித்த மூளை. பொறியியலும் வரலாறும் அதற்குள் தானாக நுழைகின்றன. அதை ஆதாரம் என்று நண்பன் தலையில் கட்டுவதுதான் எனக்கு ஆகாது. கான்ஸ்டலேஷனை முதலில் எந்தத் தளத்தில் கட்டினார்கள், மாற்றியமைத்தபோது எதைக் கழற்றினார்கள், பழைய எண்ணை ஏன் விட்டுவைத்தார்கள் என்று எழுதுங்கள். தலைப்புக்கு மேல் ‘கற்பனை’ என்று போட்டு அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.